பட்டியல்ல இருக்கா பாஸ்?

எந்த புராஜெக்ட் கைக்கு வந்தாலும், கோடு எதையெல்லாம் இம்போர்ட் பண்ணுது, ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல எதெல்லாம் இருக்குன்னு ஒத்துப் பார்த்துடுவேன். "அதான் ஓடுதே, ஏன்யா நோண்டறே?" என்பார்கள் நண்பர்கள்.

ஓடும்தான். பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் போட்டால் சார்டெட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது. அதைப் பட்டியலில் எழுதாமல் பயன்படுத்தினாலும் வேலை நடக்கும். 2021 ஜூலையில் வந்த 2.26 பதிப்பு, லைசென்ஸ் காரணமாக, பைத்தான் 3-இல் சார்டெட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்துக்கொண்டது. ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன மெஷினில் ஒன்றும் தெரியாது. புதுசாகச் சேர்ந்த பையனிடம்தான் உடையும். பாவம், தன்மேல்தான் தப்பு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பான்.

அவனுக்காகத்தான் இந்த நோண்டல். உபயோகிக்கிறது எல்லாம் பட்டியலில் இருக்கணும், உபயோகிக்காதது போகணும். மாசம் ஒருதரம் காலி என்விரான்மென்ட்டில் இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க மக்களே!