தள்ளல, தள்ளாத வயசு: ரெண்டும் ஒண்ணு இல்லை

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றி ஒரு இழை. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் 65 தாண்டியவர்கள் இருந்தால் கடைசி வரை வாசிங்க.

போன மாசம் 72 வயது அம்மா ஒருத்தரை அவங்க மகன் கூட்டிட்டு வந்தார். "என்னம்மா பண்ணுது?"ன்னு கேட்டேன். பதில் மகனிடமிருந்து வந்தது.

"ஒண்ணும் இல்ல சார். தள்ளாத வயசு. ஒரு குளுக்கோஸ் ஏத்தி விட்டா தெம்பாயிடுவாங்க."

திரும்பவும் அம்மாவையே பார்த்துக் கேட்டேன். மெதுவாகச் சொன்னாங்க. "நாலு மாசமா தள்ளல சார். தண்ணிக் குடத்த இடுப்புல வைக்க முடியல."

அம்மா சொன்னது "தள்ளல". மகன் சொன்னது "தள்ளாத வயசு". வேர் ஒண்ணுதான். ஆனா "தள்ளல"ங்கிறதுல ஒரு தகவல் இருக்கு. நேத்து முடிஞ்சது இன்னைக்கு முடியல என்கிறார். எப்போ இருந்து, எந்த வேலைக்கு என்று அடுத்த கேள்வி கேட்கலாம். "தள்ளாத வயசு" என்பது தீர்ப்பு. வயசுக்கு மருந்து ஏது? பேச்சு அங்கேயே முடிஞ்சிடும்.

ஊருக்கு உபதேசமாக இதைச் சொல்லவில்லை. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். "முன்ன மாதிரி தள்ளலய்யா"ன்னு அப்பத்தா சொல்லுச்சு. ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. பார்த்தேன். "வயசாச்சுல்ல அப்பத்தா"ன்னு சிரிச்சுட்டு, பையில் கிடந்த சத்து மாத்திரை அட்டை ஒண்ணைக் கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்.

மூணு மாசத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதுக்கப்புறம் அப்பத்தா எழுந்து நடக்கவே இல்லை.

அன்னைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் விழாமல் இருந்திருக்குமா? சொல்ல முடியாது. ஆனால் அது சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். இந்தத் தள்ளாமைக்கு ஆங்கில மருத்துவத்தில் ஃப்ரெயில்ட்டி என்று பெயர். 2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவரது குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்.

1. முயற்சி எடுக்காமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோ அளவுக்கு எடை குறைவது
2. எதைச் செய்தாலும் அசதி
3. கைப்பிடி பலம் குறைவது
4. நடை மெதுவாவது
5. நடமாட்டமே குறைவது

இதில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். பட்டியலில் "வயது" என்று ஒரு வரி இல்லை, கவனிச்சீங்களா?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். விழாமல் பிடிக்க நீங்க பக்கத்தில் நில்லுங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் தசை பலம் குறைஞ்சிருக்கு, மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.

பின்னால் ஒளிந்திருப்பது ரத்தசோகையாக இருக்கலாம். தைராய்டு, பி12 குறைவு, சோடியம் குறைவு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, எதுவாகவும் இருக்கலாம். பல் போய் மென்று சாப்பிட முடியாததாகவும் இருக்கலாம். சில நேரம் நாங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகளே காரணமாக இருக்கும். அதனால் எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்துட்டு வாங்க.

அந்த குளுக்கோஸ் பாட்டில்? 5 சதவீதக் கரைசல் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூட இல்லை. புரதம் பூஜ்ஜியம். கரைந்த தசையை அது கட்டாது.

தசையைக் கட்டுவது புரதமும் உடற்பயிற்சியும். வயதானவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடை என்றால் 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கு. பருப்பு, சுண்டல், பால், மீன் எல்லாம் கணக்கில் வரும். ரசம் சாதம் மட்டும் போதாது. சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியையே தினமும் செய்யலாம். குளியலறையில் ஒரு கைப்பிடி மாட்டி வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.6. பி12-ம் குறைவு. பல வருஷமாக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். அதை நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையலாம். சிகிச்சை ஆரம்பிச்சிருக்கோம். முழுசாகத் தெம்பு வர இன்னும் மாசங்கள் ஆகும். போன தடவை வந்தப்போ மகன் கையைப் பிடிக்காமல் உள்ளே நடந்து வந்தாங்க.

உங்க வீட்டுப் பெரியவர் "தள்ளல"ன்னு சொன்னா, "வயசாச்சுல்ல"ன்னு சொல்லிடாதீங்க.

"எப்போ இருந்து?"ன்னு கேளுங்க.