கேமரன் மலையின் இரவுக் குளிர்

தாப்பாவில் பேருந்து ஏறி, வளைவு வளைவாக ரிங்லெட் தாண்டித் தானா ராத்தா சேர்ந்தால், உடம்பைத் தழுவும் குளிர்காற்றே முதல் விருந்து. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். அடுத்துள்ள பிரிஞ்சாங் பூந்தோட்டங்களில் சிம்பிடியம் ஆர்க்கிட் சரம் சரமாய்ப் பூத்திருக்கும்.

அந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு ரப்பர் தோட்டத்துக்கு இறங்கி வந்தவர் என் தாயார். அவருக்காக ஒரு செடி வாங்கி வந்தேன். இருந்த பூ உதிர்ந்தது. நிழல்வலை கட்டினேன், மண்சட்டியில் கரித்துண்டு இட்டேன், காலைதோறும் நீர் தெளித்தேன். 3 ஆண்டுகள் செடி பிழைத்திருந்தது. மொட்டு மட்டும் வரவில்லை.

குறை உரத்தில் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். சிம்பிடியம் மொட்டு விட இரவுக் குளிர் வேண்டும். மலையில் இரவு 16 பாகை அளவுக்கு இறங்கும். நம் லயத்திலோ நள்ளிரவிலும் 24 பாகை. பகல் வெயிலை வலை தடுக்கும். இரவுப் புழுக்கத்தை என்ன செய்வது?

ஆகவே அன்பர்களே, நம் வாசலுக்கு வாண்டாவும் சந்தையில் கிடைக்கும் டென்ட்ரோபியமும் போதும். அவை நம் வெயிலுக்குச் சளைக்காதவை. சிம்பிடியம் பார்க்க ஆசையென்றால் மலைக்கே செல்லுங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துச் சென்றேன். பூக்களின் அருகே நெடுநேரம் நின்றார். "இன்னொன்று வாங்கட்டுமா, அம்மா?" என்றேன்.

"வேண்டாம்ப்பா. அது பொறந்த குளிர்லயே இருக்கட்டும்" என்றார்.