படிவத்தில் இல்லாத கேள்வி

செவிலியரின் வேலையை மேலே இருப்பவர்கள் வருசா வருசம் மதிப்பிடுகிறார்கள். அது நியாயமாக நடக்கிறதென்று செவிலியர்கள் நினைக்கிறார்களா என்பதை அளக்கவும் படிவங்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, உங்கள் தரப்பைச் சொல்ல முடிந்ததா, முடிவை எதிர்த்து முறையிட வழி உண்டா என்று கேட்பார்கள். 1980-இல் லெவந்தால் வகுத்த விதிகளை வைத்து 2001-இல் கால்க்விட் அமைத்த கேள்விகள் இந்த வகைதான். நல்ல கேள்விகளே.

மேட்டுப்பாளையத்தில் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருசமாக நர்ஸ். நைட் டூட்டி முடித்து வந்து துணி ஊற வைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ‘நியாயம்’ என்றே குறிக்கச் சொன்னார்.

“எல்லாத்துக்குமாக்கா?”

“ஆமா தம்பி. எல்லாருக்கும் ஒரே பேப்பரு, ஒரே மார்க்கு. அதுல ஓரவஞ்சனை இல்ல.”

துணியை அலசியபடியே பிறகு சொன்னார்: “ஐ.சி.யு. தொறந்தப்ப எங்க தெருப் புள்ளைக மூணு பேரையும் அங்க போடல. பெட்பேன் எடுக்கறது, புண்ணு கழுவறது, அதுக்குத்தான் நாங்க. வருசக் கடைசில ‘வென்டிலேட்டர் பாக்கத் தெரியுமா’ன்னு ஒரு கட்டம். தெரியாது. தெரியாதது நெசந்தான? அப்பறம் அநியாயம்னு எப்படிச் சொல்றது?”

‘எந்த ஊரு அம்மிணி, எந்த வளவு?’ என்று கேட்டுத்தான் நம் பக்கத்தில் சாதியைத் தெரிந்துகொள்வார்கள். அந்தக் கேள்வி டூட்டி சார்ட் போடும்போதே முடிந்துவிடுகிறது. மார்க் போடும் நேரத்தில் யாரும் சாதி பார்க்க வேண்டியதில்லை. கை சுத்தம்.

அரசு வேலையில் இந்த மார்க்கையே கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள். ரகசியக் குறிப்பு. தேவ் தத் என்ற பொறியாளருக்கு ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டுமாம். அந்த ‘நன்று’ அவருக்குச் சொல்லப்படவே இல்லை. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் மத்திய அரசும் முழு அறிக்கையைக் காட்ட ஆணையிட்டது. பெரிய காரியம்தான். ஆனால் திறந்தது மார்க் நோட்டு மட்டுமே. டூட்டி சார்ட் அல்ல.

சாதியை நேராகக் கேட்டால் பதில் வரும். தில்லி எய்ம்ஸில் தோரட் குழு அப்படித்தான் கேட்டது. வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தங்களுக்கு நேர்வதைப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சொன்னார்கள். 2007-இல் அறிக்கை வந்தது.

ஆகவே படிவத்தின் பின்பக்கத்தில் நான் நாலு கேள்வி எழுதிச் சேர்த்தேன். போன வருசம் எந்தெந்த வார்டில் எத்தனை மாசம்? பயிற்சிக்கு யாரை அனுப்பினார்கள்? சார்ட் போடுவது யார்? உங்கள் சாதி என்ன?

அக்கா நாலுக்கும் பதில் சொன்னார். முன்பக்கத்தைத் திருப்பி, “பேரு எழுதற எடத்தை அடிச்சுரு தம்பி, ஆஸ்பத்திரி பேரையுந்தான்” என்றார். அடித்தேன்.