ஒரு கம்பளிக் கடன்



இந்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் குளிர் கொஞ்சம் அதிகம்தான். மார்கழி பாதியில் பிடித்தது, தை பிறந்து பத்து நாளாகியும் விடவில்லை. காலை ஏழு மணிக்கும் தெருமுனை தெரிவதில்லை. பால்காரர் மப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வருகிறார். கண் மட்டும்தான் வெளியே தெரிகிறது.

நேற்றுக் காலை பேரன் கைபேசியைப் பார்த்து, "தாத்தா, 18 டிகிரி!" என்றான். அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருக்கும் என் இளைய மகன் வீடியோவில் வந்தான். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியாம். நான் ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் ஒரு போர்வை என்று மூட்டை போல உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தான். அவன் வீட்டுச் சுவருக்குள் சூடு ஓடுகிறது. என் வீட்டில் ஜன்னல் சரியாகச் சாத்துவதில்லை.

அவன் போனை வைத்த பிறகு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மைனஸ் 20-இல் இருப்பவன் அரைக்கைச் சட்டையில் இருக்கிறான், 18-இல் இருப்பவன் நடுங்குகிறான். அப்படியானால் குளிர் என்பது டிகிரியில் மட்டும் இல்லை.

எழுபதைத் தாண்டிய நண்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. குளிர் காலத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதனால் ஐந்து மணி நடைப்பயிற்சியை ஒரு மாதம் மறந்துவிடுங்கள், வெயில் வந்த பிறகு நடக்கலாம். தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். முக்கியமாக, கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மலைக்குச் சுற்றுலாப் போனவர்கள் அப்படி இறந்துபோன செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் துடைத்துவிட்டது போல ஆகிவிடும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவெல்லாம் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேகம் இருந்தால் அது ஒரு போர்வை போலச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மேகம் இல்லாத இரவுதான் அதிகம் குளிரும், அதிலும் விடிவதற்குச் சற்று முன்பு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பனி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் எங்கள் வகுப்பு பிரெஞ்சிலேயே நடந்தது. புல்லில் நிற்கும் துளிக்கு ஒரு சொல், புகை போல மூடுவதற்கு ஒரு சொல், வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதற்கு 'நேழ்' என்று ஒரு சொல். நமக்கு எல்லாமே பனிதான். கடற்காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, நெற்றி வியர்வை நோட்டில் சொட்ட, 'நேழ்' என்று எழுத்துப் பிழையில்லாமல் எழுதியவர்கள் நாங்கள். அது எப்படி இருக்கும் என்று ஒருவனுக்கும் தெரியாது.

எங்கள் ஆசிரியர் ஒருவர் பாரீஸில் சில வருடம் இருந்து திரும்பியவர். முசியே என்றுதான் கூப்பிடுவோம். 1954-ஆம் ஆண்டுக் குளிரை அவர் ஒரு நாள் வகுப்பில் சொன்னார். அந்தப் பிப்ரவரி தொடக்கத்தில், செபாஸ்தோபோல் என்ற பெரிய சாலையின் நடைபாதையில் ஒரு பெண் இரவில் உறைந்து செத்துக் கிடந்தாள். அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. வாடகை வீட்டிலிருந்து அவளை வெளியேற்றிய உத்தரவு அது. அபே பியேர் என்ற பாதிரியார் அன்று, பிப்ரவரி 1-ஆம் தேதி, வானொலியில் பேசி நாட்டு மக்களிடம் பிச்சை கேட்டார். 5000 போர்வை வேண்டும், 300 கூடாரம் வேண்டும், 200 அடுப்பு வேண்டும், இன்றிரவுக்குள் வேண்டும், மிஞ்சினால் நாளைக்கு என்றார். மக்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவித்தார்களாம். அந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு முசியே எங்களுக்கு அதையே திக்தே எழுதவைத்தார். திக்தே என்றால் சொல்லச் சொல்ல எழுதுவது. எனக்கு இரண்டு பிழை. அதைத் தவிர வேறெதுவும் அன்று என் மனதில் பதியவில்லை.

அப்பா காலமானதும் அம்மாவின் ஊரான கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். தனித்தேர்வராகத் தமிழில் பரீட்சை எழுதினேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றி அப்போதுதான் படித்தேன். மயிலுக்கு எதற்குப் போர்வை, இது என்ன தானம் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். பிறகு அரசு வேலை கிடைத்தது. 7-க்கு நடுவில் கோடு போடும் என் பிரெஞ்சுப் பழக்கத்தைக் கண்காணிப்பாளர் கடைசிவரை கேலி செய்தார்.

இப்போது 1978 தை மாதத்துக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மலைக் கிராமங்களில் குடும்பப் பட்டியல் எழுதி வரும்படி எங்களில் மூன்று பேரை அனுப்பினார்கள். கச்சிராயபாளையம் வரை பஸ். கோமுகி அணையைத் தாண்டியதும் நடை. வெள்ளிமலைப் பக்கம் போய்ச் சேர இருட்டிவிட்டது.

மலை என்றால் ஊட்டி அளவுக்கு இல்லை. பெரும்பாலும் 2000, 3000 அடி. உறைபனி விழும் இடமல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பார்கள். கணக்குப் பார்த்தால் கீழே இருப்பதைவிட நாலைந்து டிகிரிதான் குறைவு. ஆனால் நான் போயிருந்தது ஒரு பருத்திச் சட்டை, ஒரு வேட்டி, ஒரு துப்பட்டியோடு. நடந்து வந்த வியர்வை ஆறியதும் பல் கிட்டிக்கொண்டது.

ஆளுக்கு ஒரு வீட்டில் தங்கினோம். எனக்கு வாய்த்தது ஒரு பெரியவர் வீடு. மண் சுவர், மலைப்புல் வேய்ந்த கூரை, குனிந்துதான் நுழைய வேண்டும். நடுவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புகை புல்லுக்கிடையில் கசிந்து போய்க்கொண்டிருந்தது. பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், ஆறு மாதக் கைக்குழந்தை. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். இன்றும் அந்த ருசி நினைவில் இருக்கிறது.

படுக்கும் நேரம் வந்தது. பதிவேட்டுக் கட்டு பனியில் நமுத்துவிடும் என்று எனக்குப் பயம். மை ஊறினால் பதில் சொல்ல வேண்டியவன் நான். துப்பட்டியை எடுத்து அந்தக் கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காயிதத்துக்குப் போத்திட்டீங்க. நீங்க என்னா பண்ணுவீங்க சாமி?"

பதிலுக்குக் காத்திராமல் மூலையில் மடித்து வைத்திருந்த கருங்கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டு மயிரில் நெய்தது. புகை நாற்றமும் ஆட்டு நாற்றமும் அடித்தது, கழுத்தில் முள்ளாகக் குத்தியது. ஆனால் ஐந்து நிமிடத்தில் உடம்பெல்லாம் சூடு பரவியது. தூங்கிப்போனேன்.

மூன்று மணி இருக்கும், விழித்தேன். அடுப்பைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை மருமகளின் மார்போடு சேலைத் தலைப்புக்குள் இருந்தது. லேசாக இருமியது. மகன் ஒரு கட்டையைத் தள்ளி வைத்தான். யாரும் பேசவில்லை. ஏதோ விசேஷத்துக்காகக் கண் விழிக்கிறார்கள் என்று தூக்கக் கலக்கத்தில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் இருந்தது ஒரே கம்பளி.

நான் விழித்ததை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். "படுங்க சாமி. எங்களுக்குப் பழக்கந்தான்" என்றார்.

இந்த இடத்தில் நான் எழுந்து கம்பளியைக் குழந்தைக்குக் கொடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசை. வீட்டில் சொல்லும்போது ஒன்றிரண்டு முறை அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். இன்று உண்மையை எழுதிவிடுகிறேன். கொடுக்கவில்லை. கம்பளியிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தேன். குளிர் கடித்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர்களே பழக்கம் என்கிறார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கண்ணை மூடினேன். தூக்கமும் வந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. தூக்கம் வராமல் புரண்டிருந்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

காலையில் துப்பட்டியை அவிழ்த்தேன். காகிதத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. திண்ணை போன்ற மேட்டில் உட்கார்ந்து அந்தக் குடும்பத்தின் பெயர்களை எழுதினேன். வீட்டு எண் 7. நடுவில் கோடு. அந்தக் கோட்டை இழுத்தபோது, எதற்கென்று தெரியவில்லை, முசியே சொன்ன பாரீஸ் பெண்ணின் நினைவு வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்பு பிழையில்லாமல் எழுதப் பார்த்தேனே தவிர, அவளுக்குக் குளிர்ந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அவள் கையிலும் ஒரு காகிதம்தான் இருந்தது. அதையும் என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாதான் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதியிருப்பான்.

புறப்படும்போது, "அடுத்த தடவை வரும்போது கம்பளி வாங்கி வருகிறேன்" என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அப்படிச் சொல்லிவிட்டுப் போன பலரைப் பார்த்த சிரிப்பு அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை என்பது இரண்டு வருடம் கழித்து வந்தது. கல்யாணம், இடமாற்றம், அம்மாவின் உடல்நிலை. காரணங்களுக்கா பஞ்சம்? 1980 தையில் இரண்டு கம்பளி வாங்கிக்கொண்டு என் சொந்தச் செலவில் மலை ஏறினேன். அந்த அம்மாள்தான் வாசலில் இருந்தார். பெரியவர் போன பனியில் போய்விட்டாராம். எப்படி என்று கேட்டேன். "இருமலு" என்றார், அவ்வளவுதான்.

கம்பளிகளை நீட்டினேன். மறுக்கவில்லை, பெரிதாக மகிழவும் இல்லை. உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு துணி முடிச்சு. ஒரு படி சாமை. வாங்கிக்கொள்ளாவிட்டால் கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது, வாங்கிக்கொண்டேன். இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஓடிவந்து கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அன்றிரவு இருமிய குழந்தைதான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நான் தயங்கித் தயங்கி, "அன்னிக்கு ராத்திரி நான்..." என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "நல்லாத் தூங்குனீங்க சாமி. அப்பிடிக் கொறட்டை. வந்த மனுசன் நம்ம ஊட்டுல நிம்மதியாத் தூங்குறாருன்னு அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

பேகனை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கொடுப்பவன் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்கெல்லாம் வாங்கியவனுக்குத்தான்.

இப்போது மலைக்குப் பஸ் போகிறது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. ஆனாலும் தையில் பத்திரிகைகள் ஊட்டியையும் கொடைக்கானலையும் தான் எழுதுகின்றன. கல்வராயனில் என்ன பெரிய குளிர் என்று நாமும் நினைக்கிறோம். தெர்மாமீட்டரைப் பார்த்தால் பெரிய குளிர் இல்லைதான். வீட்டில் எத்தனை பேர், எத்தனை போர்வை என்று பார்த்தால்தான் தெரியும். நேற்று மாலை எங்கள் பீரோவைத் திறந்து எண்ணினேன். நாங்கள் இருவர், போர்வைகள் பதினொன்று. "ஏங்க, எதுக்கு இதையெல்லாம் இழுத்துப் போடுறீங்க?" என்று மனைவி கேட்டாள். அடுத்த வாரம் வெள்ளிமலை போகலாம் என்றேன். மூட்டு வலியை நினைவுபடுத்தினாள். பிறகு அவளே நல்லதாக ஏழு எடுத்து வெயிலில் போட்டாள்.

நான் இன்னும் குறட்டை விடுகிறேனாம். இரவில் தட்டி எழுப்புகிறாள். மற்ற மாதங்களில் எனக்குக் கோபம் வரும். தை மாதத்தில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.