மலம்புழாவா, மறையூரா?

அணி என்றதும் தமிழ் மாணவர்க்கு உவமையும் உருவகமும் நினைவுக்கு வரும். கணிப்பொறியார் கூறும் அணி வேறு. ஒரே பெயரின்கீழ்ப் பலவற்றை வரிசையாக நிறுத்துவது அது. பைதான் மொழியில் இதனைப் பட்டியல் என்பர், கருத்து ஒன்றே. பைதான் 3-இல் தமிழிலேயே பெயர் சூட்டலாம் என்பது பலர் அறியாத செய்தி. கீழ்க்காணும் வரி அப்படியே இயங்கும்:

ஊர்கள் = ["மறையூர்", "மலம்புழா", "குமுளி"]

ஊர்கள்[0] என்றால் மறையூர். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் கடைசி ஊராகிய குமுளி ஊர்கள்[2] ஆகிறது. ஊர்கள்[3] என்று கேட்டால், அப்படியோர் இடமில்லை என்று கணிப்பொறி முறையிடும். ஒற்றைச் சமக்குறி மதிப்பைக் கொடுப்பது. இரட்டைச் சமக்குறி ஒப்பிட்டுக் கேட்பது. இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். ஒப்பிடுவதில்தான் இருக்கிறது சங்கதி.

நம் சங்கத்து முதலாண்டு மாணவர்க்கு இதனைச் சொல்லிக்கொடுத்தபோது எல்லைப்புறத்து ஊர்களையே எடுத்துக்கொண்டேன். மலம்புழா இருக்கும் பாலக்காட்டுப் பகுதி 1956 வரை சென்னை மாநிலத்து மலபாரில் இருந்தது. அங்குள்ள அணையும் அவ்வரசு கட்டி 1955-இல் திறந்ததே. மறையூரும் குமுளியும் திருவிதாங்கூர்ப் பக்கத்தவை. 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அதற்குள் வந்தன. ஆட்சி எல்லை எப்படி மாறினால் என்ன? அகரவரிசை ஒன்றுதானே! ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதில் லகரம் முந்தி, றகரம் பிந்தி. ஆகவே மலம்புழா முன்னும் மறையூர் பின்னும் நிற்க வேண்டும். வரிசைப்படுத்துமாறு கட்டளையிட்டோம். குமுளி, மறையூர், மலம்புழா என்று விடை வந்தது! மறையூர்த் தம்பி ஒருவர் மகிழ்ந்துபோனார். இன்னொருவர், "அண்ணா, இதற்கு அகரவரிசை தெரியாதா?" என்றார்.

தெரியாதுதான். எழுத்தை அது எண்ணாகவே அறியும். இந்திய எழுத்துக்களுக்குப் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி அட்டவணையை அடியொற்றி, 1991-இல் வந்த யூனிகோடு றகரத்துக்கு 2993, லகரத்துக்கு 2994 என்று எண் வழங்கிற்று. ரகரத்தின் அருகே றகரம், நகரத்தின் அருகே னகரம். ஒலியினம் பார்த்த ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன்; ஆனால் நம் அகராதி முறை அதுவன்று. புள்ளியின் கதையும் இதுவே. அகராதியில் கும்பகோணம் முன், குமுளி பின். கணிப்பொறியிலோ உகரக் குறியின் எண் புள்ளியின் எண்ணைவிடச் சிறியது, குமுளி முந்திக்கொள்கிறது.

இதற்கு மருந்தும் அணியே. "க" முதல் "ன" வரை 18 மெய்களையும் முறைப்படி ஓர் அணியில் நிறுத்தி, எழுத்தின் எண்ணைப் பாராமல் அது நிற்கும் இடத்தைப் பார்க்கச் சொன்னோம். லகரத்தின் இடம் 12. றகரத்தின் இடம் 16. மலம்புழா முன்னே வந்துவிட்டது. உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் இவ்வாறே இடம் வகுக்க வேண்டும். ஐ.சி.யூ. என்னும் ஆயத்த நிரல்தொகுதி இவ்வேலையைச் செய்யும். எனினும் ஒருமுறை நாமே செய்து பார்ப்பது நல்லது.

இரட்டைச் சமக்குறியில் இன்னும் பெரிய வில்லங்கம் உண்டு. கொழிஞ்சாம்பாறையின் "கொ"வில் உள்ள குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறி மட்டும் "சமமன்று" என்று சாதிக்கும். கோமதி என்றொரு மாணவி உதவித்தொகைப் பட்டியலில் தன் பெயரைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்கிறது, ஆனால் பதிந்தவர் ஒருவகையாகவும் தேடுபவள் மற்றொருவகையாகவும் எழுதிவிட்டால் "இல்லை" என்றே விடை வரும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும் கட்டளை பைதானில் உண்டு. அதனைச் சேர்க்காமல் தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் நிரல் அரைகுறை நிரலே.

இப்போது விடுதியில் நடக்கும் வழக்கு வேறு. நம் அணியை 18 மெய்களோடு நிறுத்தவேண்டும் என்கிறது ஒரு கட்சி. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றைக் கடைசியில் சேர்க்கவேண்டும் என்கிறது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சி. நம் உறுப்பினர் பட்டியலில் மூன்று ஜெயந்திகள் இருக்கிறார்கள். அவர்களை எங்கே நிறுத்துவது?