அண்ணாச்சியின் சக்கரம்

என் வாழ்க்கையில் நான் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான். அதைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

1990களின் நடுவில் அந்தமானின் லாங் ஐலண்டில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். மத்திய அந்தமானின் கிழக்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் சின்னத் தீவு அது. ரங்கத்துக்குப் பக்கத்தில் எராட்டா ஜெட்டியில் படகேறி, அலையாத்திக் காடுகளுக்கு நடுவே போய்ச் சேர வேண்டும். இன்று அங்கே போகிறவர்கள் லாலாஜி பே கடற்கரைக்காகப் போகிறார்கள். அப்போது ஊருக்குச் சோறு போட்டது குர்ஜன் மரத்தை உரித்துப் பலகையாக்கும் பிளைவுட் ஆலை. வங்காளி, மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று எல்லோரும் கலந்து அவரவர் இலக்கணத்தில் இந்தி பேசினோம்.

ஆலையில் ஃபிட்டராக இருந்தவர் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் எந்த எஞ்சினையும் காதை வைத்துக் கேட்டே நோய் சொல்லிவிடுவார். அவருக்குத் தீராத கவலை ஒன்று இருந்தது: டீசல். தீவுகளில் மின்சாரம் என்றால் டீசல் ஜெனரேட்டர்தான். அந்த டீசல் ஒவ்வொரு சொட்டும் வங்கக் கடலைத் தாண்டி வரவேண்டும். புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் விளக்கு எரியும் நேரம் சுருங்கும். "சுத்திச் சுத்தித் தண்ணி, காத்து, வெயிலு. இதுல நாம கருப்பெண்ணெய்க்குக் கையேந்துதோம். வெக்கமா இல்ல சார்?" என்பார்.

பின்னால் யோசித்துப் பார்க்கும்போது, இந்த ஆசையில் கேலி செய்ய எதுவுமில்லை என்று தோன்றுகிறது. எரிபொருள் இல்லாமல் சுற்றும் சக்கரம் பற்றிய கனவு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை பாஸ்கராச்சாரியார், ஆரங்களில் பாதரசம் நிரப்பிய, தானாகவே சுழலும் சக்கரம் ஒன்றை விவரித்திருக்கிறார். இப்படிப்பட்ட யந்திரங்கள் பற்றிய மனுக்கள் வந்து குவிந்த தொல்லை தாங்காமல், 1775இல் பாரிஸ் அறிவியல் அகாதமி இனி அவற்றைப் பரிசீலிப்பதில்லை என்றே அறிவித்துவிட்டது. பாஸ்கரர் கதையை அண்ணாச்சியிடம் சொன்னது நான்தான். சொல்லியிருக்கக் கூடாது.

அவருடைய யந்திரம் இதுதான். கழித்துப் போட்ட எஞ்சினின் ஃப்ளைவீல் ஒன்று, சுமார் 20 கிலோ. அதை ஒரு பக்கம் 12 வோல்ட் மோட்டார் சுற்றும். மறுபக்கம் பெல்ட் வழியாக ஒரு பழைய ஜீப் டைனமோவைச் சக்கரம் சுற்றும். மோட்டாருக்கு மின்சாரம் ஒரு பேட்டரியிலிருந்து. டைனமோ உண்டாக்கும் மின்சாரம் அதே பேட்டரிக்குத் திரும்பும். நடுவில் 21 வாட் பல்பு ஒன்று. முதல் தள்ளலுக்குத்தான் பேட்டரி, அதன் பிறகு சக்கரத்தின் கனமே வேலையைச் செய்கிறது என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் ஓட்டிக் காட்டினார். பல்பு மங்கவே இல்லை. மறுநாள் காலை பேட்டரியில் வோல்ட்மீட்டரை வைத்தார். முந்தைய நாள் காட்டிய இடத்திலேயே முள் நின்றது, அல்லது நின்ற மாதிரி இருந்தது.

"பாத்தீகளா சார்? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துட்டுல்லா?"

நான் வகுப்பில் ஆற்றல் அழிவின்மை விதியை ஆண்டுக்கு ஒரு முறை நடத்துகிறவன். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கே தவறு என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. அவர் மனைவி மீன் குழம்பு பரிமாறிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மூன்று மணி நேரம் யந்திரம் ஓடியதையும் விளக்கு எரிந்ததையும் நேரில் பார்த்தேன்' என்று ஒரு தாளில் எழுதி, 'இயற்பியல் ஆசிரியர்' என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் அதிலிருந்த மோசம்.

1996 செப்டம்பரில் மூலிகைப் பெட்ரோல் செய்தி தீவுக்கு வந்தது. ராஜபாளையம் அருகே இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, சில இலைகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து எரிபொருள் ஆக்கிக் காட்டினார் என்று நாடே பேசியது. டெல்லி ஐ.ஐ.டி.யில் அவர் செய்து காட்டியதைப் பார்த்த மத்திய அரசின் அறிவியல் துறை உயரதிகாரிகளே வியந்தார்கள். ஆலை கேண்டீனில் அன்று அண்ணாச்சிதான் கதாநாயகர். "அவன் இலையில எடுக்கான், நான் சக்கரத்துல எடுக்கேன்" என்றார்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டிருந்தால் எவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அரை லிட்டர் பெட்ரோல் 370 கிராம் எடை என்றால் அதில் 300 கிராமுக்கு மேல் கார்பன். காய்ந்த இலையில் ஏறக்குறைய பாதிதான் கார்பன். அப்படியானால் ஒரு துளிகூட வீணாகாமல் மாற்றினாலும் அரைக் கிலோவுக்கு மேல் இலை வேண்டும். ஒரு கைப்பிடி போதாது. இந்தக் கணக்கை நானும் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில நாட்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் கெடுபிடியோடு சோதித்தபோது வித்தை பலிக்கவில்லை. கலக்கும் குச்சி உள்ளீடற்றது, அதற்குள் எரிபொருளை அடைத்து மெழுகால் மூடியிருந்தது, சூட்டில் மெழுகு உருகியது என்று செய்தி வந்தது. பிற்பாடு அவர் பெயரில் எரிபொருள் விற்பனையே நடந்து, சி.பி.ஐ. வழக்காகி, 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது தனிக்கதை.

என்னை உறுத்தியது குச்சி அல்ல. டெல்லியில் பார்த்தவர்களும் பொய் சொல்லவில்லை. கண்ணெதிரே நடந்ததைத்தான் சொன்னார்கள். நானும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்த வாரம்தான் விஷயம் தெரிந்தது. அண்ணாச்சி என் தாளைக் காட்டி ஆலைத் தொழிலாளர்கள் நாலு பேரிடம் 6,000 ரூபாய் வாங்கியிருந்தார். பெரிய சக்கரம் வார்க்க. போதாததற்கு மனைவியின் வளையல்களை போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அடகு வைக்க, அடுத்த கப்பலில் கிளம்பவும் இருந்தார்.

பேட்டரி பராமரிப்புக்கு வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வோல்ட்டை விட்டுவிட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்ப்போம் என்றேன். தொடங்கும்போது 1,260. மூன்று மணி நேரம் ஓட்டிய பின் 1,210க்கும் கீழே. கால் பங்குக்கு மேல் தீர்ந்திருந்தது. வோல்ட்மீட்டர் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கே புரிந்தது. லெட்-ஆசிட் பேட்டரியில் வேலை செய்யும்போது வோல்ட் இறங்கும். ராத்திரி ஓய்வு கொடுத்தால் ஏறிக்கொள்ளும். கால் பங்கு தீர்ந்த பேட்டரிக்கும் நிறைந்த பேட்டரிக்கும் மறுநாள் காலையில் உள்ள வித்தியாசம் 12.4, 12.6 அவ்வளவுதான். அவருடைய மீட்டரில் அது முள்ளின் தடிமன்.

அண்ணாச்சி ஒப்பவில்லை. "அப்ப பேட்டரியக் கழத்திருவோம்" என்று அவரே சொன்னார். சொன்னவர் அவர் என்பதை நான் எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். ராமர் பிள்ளைக்கு மாற்றுக் குச்சியைக் கொடுக்க ஐ.ஐ.டி. தேவைப்பட்டது. இங்கே குச்சியை வைத்திருந்தவரே எடுத்துக் கொடுத்தார்.

சக்கரம் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும்போது கம்பியைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடம் ஆகவில்லை. பல்பு சிவந்து, அணைந்தது. அந்தக் கனத்தில், அந்த வேகத்தில் சக்கரம் சேர்த்து வைத்திருந்தது சுமார் 2,200 ஜூல். நஷ்டமே இல்லாமல் பல்புக்கு மட்டும் கொடுத்தாலும் இரண்டு நிமிடம் தாங்காது. பெல்ட்டின் உராய்வும் மோட்டார், டைனமோவின் சூடும் பாதிக்கு மேல் தின்றுவிட்டன.

இருட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு உள்ளேயிருந்து அவர் மனைவி லாந்தரைக் கொண்டுவந்து வைத்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது ஏமாற்றம். தெரிந்தது நிம்மதி. கை வளையல்கள் கையில் இருந்தன.

தாளைத் திருப்பிக் கேட்டேன். "இதுல பொய்யா எழுதியிருக்கீக? ஓடுச்சுல்லா?" என்றார் அண்ணாச்சி. பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் கழித்துத்தான் கொடுத்தார். வாங்கிய பணத்தில் பாதியை நானும் பாதியை அவரும் ஓராண்டில் அடைத்தோம். அதற்கு என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

படிக்காத ஃபிட்டரின் அறியாமை என்று இதை ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைகா அணுமின் திட்டத்தில் உயர் பொறுப்பில் இருந்த பொறியாளர் பரமஹம்ச திவாரி, வெற்று வெளியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டர் என்று பல ஆண்டுகள் உழைத்தார். அதை இயற்பியல் உலகம் ஏற்கவில்லை. 1989 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டாவில் ஃப்ளைஷ்மானும் பான்ஸும் மேஜை மேலேயே அணுக்கரு இணைவு நிகழ்ந்ததாக அறிவித்தபோது, டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. ஐயங்காரின் தலைமையில் பல குழுக்கள் இறங்கி நியூட்ரானும் டிரிட்டியமும் கிடைத்ததாக அந்த ஆண்டே அறிக்கை எழுதின. மற்ற இடங்களில் அது நம்பகமாகத் திரும்ப நிகழவில்லை. நம்பிக்கை படிப்பைப் பார்த்து வருவதில்லை.

தன் ஊர்க் கடலிலேயே மின்சாரத்துக்கு நியாயமான ஒரு வழி இருந்தது என்பது அண்ணாச்சிக்குப் பின்னால் தெரியவந்தது. கடலின் மேல்நீர் சூடு, ஆழ்நீர் குளிர்ச்சி, இந்த வித்தியாசத்தில் ஒரு மெகாவாட் எடுக்க 2000களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அப்பால் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் முயன்றது. விதியில் குறையில்லை. குளிர்நீர்க் குழாயை ஆழத்தில் இறக்குவதில் தோற்றது. "குழாய் மாட்ட என்னைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

ஆலை மூடப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2002இல் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய பின் தீவுகளின் மரத்தொழில் ஒடுங்கிப்போனது. அண்ணாச்சி ஊர் திரும்பினார். சக்கரத்தைத் தூக்கிச் செல்ல வழியில்லை. யாரோ ஒரு மீனவர் அதை டுங்கிக்கு நங்கூரமாக எடுத்துக்கொண்டார்.

2020இல் தெற்கு அந்தமானில் நெய்வேலி நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட்-மணி பேட்டரியோடு அமைத்த செய்தியைத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நெய்வேலி என்றதும் சந்தோஷப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பேட்டரியில ஹைட்ரோமீட்டர் போட்டுப் பாத்தாங்களா சார்? வெறும் வோல்ட்டைப் பாத்துட்டு விட்டுரப் போறாங்க."