மூன்று மில்லிமீட்டர் கணக்கு

பெரிய மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவில் கைச் சிகிச்சைக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் வராந்தாவின் கடைசியில்தான் இருக்கும். உள்ளே போனால் பால்வாடிக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். துணி கிளிப்புகள், பிசைவதற்கு மாவு போன்ற ஒரு பொருள், ஒரு தட்டில் அரிசி, இன்னொன்றில் கொண்டைக்கடலை, பட்டன் தைத்த பலகை, ரப்பர் பேண்டுகள். ஓரமாக ஒரு வெந்நீர்த் தொட்டி. கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் செய்வதற்கான பிளாஸ்டிக் தகடு அதில் இளகிக்கொண்டிருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் சிகிச்சையாளர், அந்தப் பக்கம் கட்டுப் போட்ட கையோடு ஒருவர்: பிரஸ் மெஷினில் விரல் மாட்டியவர், கண்ணாடி கிழித்தவர், அரிவாள் தவறியவர், கரும்பு ஜூஸ் மெஷினில் கையை விட்டவர். 'தையல் போட்டாச்சு, இனி எக்சர்சைஸ்தான்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். அந்த 'தான்' என்ற இடைச்சொல்லோடுதான் எனக்குச் சண்டை. இந்த அறையில் நடப்பது உடற்பயிற்சி வகுப்பு அல்ல, அளவு பார்க்கும் தொழில். எந்த விரலை, எந்த நாளில், எத்தனை பாகை, எவ்வளவு அழுத்தி அசைக்கலாம் என்பதை ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் பிசகினால், அறுவை அரங்கில் மணிக்கணக்கில் நடந்த வேலை வீணாகிவிடும்.

வெட்டுப்பட்ட ஒரு தசைநாணைப் பின்தொடர்ந்து போனால் இது விளங்கும். பேச்சுத் தமிழில் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. ரத்தக்குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கொண்டுபோவதும் நரம்பு, விரலை இழுக்கும் வெள்ளைக் கயிறும் நரம்பு. 'நரம்பு கட்டாயிடுச்சு, தச்சிட்டாங்க' என்று வருகிறவருக்கு இந்த மூன்றில் எது தைக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்வதிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் காலக்கணக்கு வேறு. உணர்ச்சி நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டவருக்கு விரல்நுனியில் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சூடான டம்ளரைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். தசைநாணின் சிக்கல் வேறு மாதிரி. விரலை மடக்கும் இரண்டு நாண்களும் விரலுக்குள் ஒரு குறுகிய உறைக்குள் நெருக்கியடித்து ஓடுகின்றன. அந்தப் பகுதிக்கு அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் வைத்த பெயர் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்'. அங்கே வெட்டுப்பட்டால் நாணை உடனே தைக்காதே, தோலை மட்டும் மூடு, பிறகு வேறு நாண் எடுத்துப் பொருத்தலாம் என்பது நெடுங்காலம் விதியாகவே இருந்தது. காரணம் தழும்பு. எதை எதோடு ஒட்ட வேண்டும் என்று தழும்புக்குத் தெரியாது. அறுந்த இரு முனைகளை ஒட்டுகிற வேகத்திலேயே நாணை உறையோடும் சேர்த்து ஒட்டிவிடும். 1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹெரால்ட் கிளெய்னர்ட் என்ற கை அறுவை மருத்துவரின் குழுவினர் அந்த விதியை மீறினார்கள். உடனே தைத்தார்கள், நகத்திலிருந்து மணிக்கட்டுப் பக்கம் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டினார்கள், நோயாளி தானே விரலை நீட்டுவார், பேண்ட் அதைத் திரும்ப மடக்கும். தைத்த நாணை உடனே அசைக்கலாம் என்பதை மற்ற மருத்துவர்கள் சட்டென்று நம்பவில்லை. 1975இல் டியூரான், ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த அசைவுக்கு ஓர் அளவு சொன்னார்கள்: நாண் 3 முதல் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், ஒட்டாது. அதற்குக் குறைந்தால் ஒட்டும். எல்லை மீறி இழுத்தால், முதல் சில வாரங்களில் தையல் நூல் ஒன்றையே நம்பியிருக்கும் அந்த இணைப்பு அறுந்துவிடும்.

அளவு தெரிந்துவிட்டதே, ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தாலோ வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினாலோ போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீங்கிய விரலில் நாணை அதே 3 மில்லிமீட்டர் நகர்த்தக் கூடுதல் விசை தேவைப்படலாம். அந்தக் கூடுதல் விசை முழுவதும் தையலின் மேல் போய் விழும். வீக்கம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சிகிச்சையாளர் விரலை மெல்ல மடக்கும்போது அது எங்கே நிற்கிறது என்பதோடு எப்படி நிற்கிறது என்பதையும் கவனிக்கிறார். ரப்பர் போல் இழுத்துக்கொடுத்து நிற்கிறதா, கதவு நிலையில் இடித்ததுபோல் நிற்கிறதா? முதலாவதற்கு வழி உண்டு, இரண்டாவதற்கு வேறு யோசனை வேண்டும். இதைவிட வினோதமான ஒன்றும் உண்டு. மூன்றாவது வாரத்திலேயே அழகாக மடங்கி நீளும் விரலைக் கண்டால் நோயாளி மகிழ்வார், சிகிச்சையாளருக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். நன்றாக நகர்கிறது என்றால் தழும்பு குறைவு. தழும்பு குறைவென்றால் இணைப்பும் பலவீனம். அந்தக் கையை அடக்கி வைக்க வேண்டும். மரக்கட்டைபோல் கிடக்கும் விரலைத்தான் துணிந்து முடுக்கலாம். நன்றாக இருப்பவரை நிறுத்து, மோசமாக இருப்பவரைத் தள்ளு என்று எந்த அச்சடித்த தாள் சொல்லும்?

இந்த அறிவின் ஒரு பெரிய பகுதி தமிழ்நாட்டு மண்ணில் விளைந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் நாண்களை இடம்மாற்றித் தைத்தார். உலகம் அவரை அந்த அறுவைக்காக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கோணிப்போன விரலை நிமிர்த்த அவர் கைக்கொண்ட எளிய வழி. மாவுக்கட்டில் ஒரு சின்னக் குழாய். விரலை வலிக்காத அளவுக்கு நீட்டி அதில் பொதிந்துவிடுவது. சில நாளில் பிரித்து, இன்னும் கொஞ்சம் நீட்டி, புதிதாகப் போடுவது. சதையை இழுத்து நீட்ட முடியாது, மெல்லிய இழுப்பில் வைத்திருந்தால் அது தானே வளரும் என்பது அவர் பிடித்துக்கொண்டிருந்த கருத்து. பலம் காட்டி மடக்கிவிடுவதுதான் வைத்தியம் என்று நம்பும் நம் ஊரில் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. முரட்டுத்தனமாக மடக்கினால் விரல் மறுபடி வீங்கும், வீக்கம் மறுபடி தழும்பாகும். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கி வளர்த்தார். ஆக, இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் இதைச் செய்பவரை 'பிசியோ' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர் ஆக்குபேஷனல் தெரபி படித்தவராக இருந்தாலும்கூட.

எல்லாக் கைகளுக்கும் இவ்வளவு கவனிப்பு தேவையா? தேவையில்லை. சாதாரண மணிக்கட்டு முறிவுக்கும், மணிக்கட்டில் நரம்பு அழுத்தத்தை நீக்கும் சிறு அறுவைக்கும் பிறகு, நல்ல விளக்கத்தோடு வீட்டில் செய்கிற பயிற்சியைவிட அடிக்கடி வரவழைத்துச் செய்யும் சிகிச்சை மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் தளரவில்லை, இறுகுகிறது. யாருக்கு ஒரு தாள் போதும், யாரை நாளைக்கே வரச்சொல்ல வேண்டும் என்று பிரிப்பதும் அளவு பார்ப்பதுதான். ஓ.பி. பதிவேடோ தலைகளை மட்டும் எண்ணுகிறது. ஸ்ப்ளிண்ட் ஒன்றை வெந்நீரில் இளக்கி, இறுகும் முன் கையில் படியவைத்து, எலும்பு முனையில் உரசாதபடி விளிம்பை மடித்து, அரை மணி நேரம் உழைத்தாலும் அங்கே ஒரு கோடு. சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் ஒரு கோடு.

சிகிச்சை எங்கே முடிகிறது என்பதிலும் உள்ளூர் அறிவு வேண்டும். பிடியின் பலத்தைக் கருவி கிலோவில் சொல்லிவிடும். ஆனால் சோற்றைப் பிசைந்து ஐந்து விரலும் கூட்டி வாய்க்குக் கொண்டுபோவது கருவியில் ஏறாத பிடி. புடவைக் கொசுவம் எடுப்பது, பூத் தொடுப்பது, கோலப்பொடியை இரு விரலிடுக்கில் நழுவவிடுவது எல்லாமே அப்படித்தான். தட்டில் இருக்கும் அரிசிக்கும் கொண்டைக்கடலைக்கும் அங்கே வேலை இருப்பது இதனால்தான்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு கூலியிலிருந்து வருகிறது. தினக்கூலிக்காரர் 12 வாரம் அலைந்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? இதற்கு எந்தச் சிகிச்சையாளராலும் பதில் சொல்ல முடியாது. சட்டம்தான் சொல்ல வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம், நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7 என்று சம்பாத்திய இழப்பைக் கணக்கிட்டது. வெட்டுப்பட்டுப் போன விரலுக்கு அங்கே ஒரு வரி இருந்தது. விரல் இருந்தும் மடங்காவிட்டால் அதற்கு வரி இருக்கவில்லை. மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மடங்காத விரலோ லேத் முன்னால் இல்லாத விரலைவிடத் தொல்லை, எதிலாவது போய் மாட்டிக்கொள்ளும். கையில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் யாராக இருந்தாலும், உங்கள் வீட்டு ஆளாக இருந்தாலும், ஓ.பி. சீட்டை வாங்கும்போது இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எது தைக்கப்பட்டிருக்கிறது, எந்த நாளிலிருந்து அசைக்கலாம், யாரிடம் வர வேண்டும். தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.